மேல்வாரத்தில் முளைத்த பண்ணை

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நடந்தது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான போர் என்றுதான் நம் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. கொடிகளைப் பார்த்தால் அது சரி. படை நடத்தியவர்களின் ஊரைக் கேட்டால் இரண்டு பக்கமும் அயர்லாந்து என்றே பதில் வரும். ஆங்கிலப் படையை நடத்திய அயர் கூட், லிமரிக் மாவட்டத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். பிரெஞ்சுப் படையின் தலைவர் லாலி பிரான்சில் பிறந்தவர். ஆனால் அவருடைய தந்தை கால்வே மாவட்டத்திலிருந்து ஊரை இழந்து போனவர். வென்ற கூட், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பண்ணை வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரானார், சர் பட்டம் பெற்றார், மறுபடியும் படைத்தலைவராக இந்தியா வந்து பதவியிலேயே இறந்தார். தோற்ற லாலியை 1766 மே 9 அன்று பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றார்கள். இந்த இரண்டு முடிவுகளையும் குணத்தைக் கொண்டு விளக்குவது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். கூட் நிதானி, லாலி முன்கோபி என்பார்கள். லாலியின் கோபம் உண்மைதான். ஆனால் கூட்டுக்கும் வாழ்நாள் முழுக்கச் சண்டை ஓயவில்லை. கல்கத்தாவில் கிளைவோடும், சென்னையில் கவர்னர் டு பிரேயோடும், கடைசியில் பின்னாள் கவர்னர் மெக்கார்ட்னியோடும் அவர் மல்லுக்கு நின்றார். ஆகவே குணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நெல்லைப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையின் விளைச்சல் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்ற கேள்வி இந்த இரண்டு வாழ்க்கைகளையும் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அயர்லாந்து. கூட் குடும்பத்தின் மூதாதை சார்லஸ் கூட், 1600-இல் எலிசபெத் அரசியின் படையோடு அயர்லாந்துக்குப் போன இங்கிலாந்துக்காரர். அந்தத் தீவை வென்றடக்கிய போர்களில் வாளைப் பிடித்தவர்களுக்கு, வெல்லப்பட்டவர்களின் நிலமே கூலியாகக் கிடைத்தது. கூட் குடும்பத்தின் பல கிளைகள் அப்படித்தான் நிலக்கிழார்கள் ஆயின. லாலியின் குடும்பம் அந்தக் கணக்கின் மறுபக்கம். அவர்கள் கத்தோலிக்கர்கள். 1691-இல் லிமரிக் உடன்படிக்கையோடு கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு வீழ்ந்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அயர்லாந்து வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். லாலியின் தந்தை ஜெரார்டு அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். மகன் தாமஸ் ஆர்தர் 1702-இல் பிறந்து, பிரெஞ்சு அரசின் அயர்லாந்துப் படைப்பிரிவில் வளர்ந்து, 1745-இல் ஃபோன்டனாய் களத்தில் பெயரெடுத்தார். எந்த லிமரிக்கின் உடன்படிக்கை லாலி குடும்பத்தை நிலமற்றதாக்கியதோ அந்த லிமரிக் மண்ணில் 1726-இல் அயர் கூட் பிறந்தார் என்பது தற்செயல்தான். ஆனாலும் கவனிக்கத்தக்க தற்செயல். அவர் மூத்த மகனல்ல. குடும்பச் சொத்து மூத்தவனுக்கே போகும் வழக்கத்தில், இளைய மகனுக்கு மிஞ்சியவை தேவாலயமும் பட்டாளமும். அவர் பட்டாளத்தைத் தேர்ந்தெடுத்தார். 1754-இல் 39-ஆம் படைப்பிரிவோடு இந்தியா வந்தார். ஆக, வந்தவாசியில் மோதியவர்களில் ஒருவர் நிலம் பெற்ற குடும்பத்தின் நிலமற்ற மகன். மற்றவர் நிலம் இழந்த குடும்பத்தின் மகன்.

இவர்கள் வந்து சேர்ந்த மண்ணில் நிலத்தின் கதை வேறு. தஞ்சை நாட்டில் வயல் என்பது ஒருவர் வாங்கி வேலி போட்டு வைத்துக்கொள்ளும் பொருளாக இருக்கவில்லை. கல்லணையில் பிரிந்து, காவிரி, வெண்ணாறு என்று ஓடி, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைத்துப் பாயும் நீர் ஒருவர் வயல் வழியாகத்தான் அடுத்தவர் வயலுக்குப் போக வேண்டும். மிராசுதாரர்கள் ஊர்ப் பங்காக நிலத்தை வைத்திருந்தார்கள். சேற்றில் இறங்கியவர்கள் பண்ணையாட்கள். அவர்களுக்குப் பங்கு என்ற பேச்சே கிடையாது, படியும் களப்பிச்சையும்தான். விளைந்த நெல் களத்துமேட்டில் குவிந்ததும் அது மேல்வாரம், குடிவாரம் என இரண்டாகப் பிரியும். மேல்வாரம் அரசனுக்கு. அதைப் பிடித்துவிட்டால் வயலைத் தொடவே வேண்டாம். நாற்றங்கால் தெரியாமல், மடை திறக்கத் தெரியாமல், குவியலின் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடலாம். ஐரோப்பியர்கள் இதை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். படுகையின் கடலோரத்தில் அவர்கள் அமர்ந்திருந்த வரிசையே இதற்குச் சாட்சி: 1620 முதல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், 1658 முதல் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், 1739 முதல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள், 1749 முதல் கொள்ளிடத்து முகத்துவாரத்தில் தேவிகோட்டையில் ஆங்கிலேயர்கள். துணி வியாபாரம் ஒரு காரணம். உள்நாட்டிலிருந்து ஓடையும் வண்டியுமாக இறங்கிவரும் நெல் இன்னொரு காரணம்.

லாலி இந்தக் குவியலைத் தேடி வந்த கதைதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 1758 ஜூன் தொடக்கத்தில் கடலூருக்கு அருகிலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்தது சென்னை. ஆனால் புதுச்சேரி கஜானாவில் பணமில்லை. அங்கே பழைய பத்திரம் ஒன்று இருந்தது. 1749-இன் இறுதியில் ஆற்காட்டுப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவர் கூட்டாளி முசாபர் ஜங்கும் பிரெஞ்சுத் துணையோடு தஞ்சையைச் சூழ்ந்து மராட்டிய மன்னர் பிரதாப சிம்மரை நெருக்கியபோது எழுதி வாங்கிய கடன் சீட்டு அது. 56 லட்சம் ரூபாய். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்துக்கு ஒன்பது வருஷம் கழித்து வசூலுக்குப் புறப்பட்டார் லாலி. காரைக்கால், நாகூர் வழியாகப் படை நகர்ந்தது. சோற்றுக்கு வழிசெய்யாமல் கிளம்பிய படை அது. வழியில் கிடைத்ததைப் பிடுங்கித் தின்றது. கீழ்வேளூர் கோயிலைச் சூறையாடினார்கள். பொன் என்று நம்பி எடுத்த படிமங்கள் பித்தளையாக இருந்தன. கோயிலைச் சுற்றி நின்ற அந்தணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். சென்னை ஆலோசனை சபையில் இருந்த ராபர்ட் ஆர்ம் எழுதிய வரலாற்றில் இவை விரிவாகவே இருக்கின்றன. எதிரியின் எழுத்து என்று அதைத் தள்ளிவிட முடியாது. லாலிமீது பாரிஸில் நடந்த வழக்கிலும் தஞ்சைப் படையெடுப்பு ஒரு குற்றச்சாட்டாக வந்து நின்றது.

ஜூலை நடுவில் தஞ்சைக் கோட்டைக்கு எதிரே லாலியின் படை வந்து நின்றது. ஆர்ம் முதல் பிற்காலத்தார் வரை முற்றுகை தோற்றதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்று: வெடிமருந்து போதவில்லை, மன்னரின் தளபதி மானோஜி பேச்சுவார்த்தையை இழுத்தடித்து நேரம் வாங்கினார், ஆகஸ்ட் 3 அன்று கடலில் பொகாக்கின் ஆங்கிலக் கப்பற்படை பிரெஞ்சுக் கப்பல்களைப் புண்படுத்தியதால் காரைக்கால் பறிபோகும் அபாயம் வந்தது. எல்லாம் சரி. நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். தஞ்சையில் பிறந்த எவருக்கும் இது தோன்றும். அவர் வந்தது ஆடி மாதம். ஆற்றில் புதுவெள்ளம் வரும் காலம், கையிருப்பு நெல் விதைக்கும் நாற்றங்காலுக்கும் போய், சம்பா நட வேண்டிய காலம். தை, மாசியில் களத்துமேட்டில் குவியும் மேல்வாரத்தை ஆடியில் கேட்டால் எந்த அரசனிடமும் இருக்காது. சேறும் வாய்க்காலுமான நிலத்தில் பீரங்கி வண்டி நகராது. நகர்த்த வேண்டிய மாடுகளைத் தஞ்சைக் குதிரைப்படை இரவோடிரவாக ஓட்டிக்கொண்டு போய்விடும். ஆகஸ்ட் 10 அளவில் முற்றுகையைக் கைவிட்டு, பசித்த படையோடு லாலி காரைக்காலுக்குத் திரும்பினார். பருவம் அறியாமல் வசூலுக்கு வந்த கடன்காரனின் கதி அது.

வந்தவாசி தொடங்கியது இங்கேதான். தஞ்சையில் கிடைக்காத பணம் எங்கும் கிடைக்கவில்லை. சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் கலைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், மாதக்கணக்காகச் சம்பளம் காணாத லாலியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் கலகம் செய்து பாசறையை விட்டு வெளியேறினார்கள். அந்த மாதம்தான் அயர் கூட் புதிதாகத் திரட்டிய 84-ஆம் படைப்பிரிவோடு சென்னையில் இறங்கினார். நவம்பர் முடிவில் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். ஜனவரியில் அதை மீட்க வந்த லாலியை வெட்டவெளியில் முறியடித்தார், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைச் சிறைபிடித்தார். கூட் திறமையான தளபதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வென்றது ஏற்கெனவே பட்டினியில் பாதி கலைந்துபோன ஒரு படையை. ஏப்ரலில் காரைக்கால் விழுந்தது. படுகையின் நெல் புதுச்சேரிக்குப் போகும் கடைசி வாசல் அடைபட்டது. அதற்குப் பிறகு லாலி மைசூரிலிருந்து அரிசியும் மாடும் வரவழைக்கப் பார்த்ததும், அது தொடராததும், 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயல் முற்றுகைக் கப்பல்களை உடைத்தும் நகரம் மீளாததும், ஜனவரி நடுவில் பட்டினிக்குப் பணிந்து புதுச்சேரி சரணடைந்ததும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இந்த நகரத்தின் நாளாந்த நடப்பைக் கால் நூற்றாண்டு தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே ஜனவரியில்தான் காலமானார்.

சரணடைந்த நகரம் யாருக்கு என்று உடனே ஒரு தகராறு எழுந்தது. கூட், அரசரின் படை பிடித்ததால் அரசருக்கே என்றார். சென்னை கவர்னர் பிகட், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்றார். கம்பெனிக்குத் தராவிட்டால் படைச் செலவுக்குப் பணம் தர மாட்டேன் என்று பிகட் சொன்னதும் கூட் விட்டுக்கொடுத்தார். வாள் யாரிடம் இருந்தாலும் பணப்பை வைத்திருப்பவன் சொல்வதே நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டாம். அந்தப் பணப்பை எப்படி நிரம்பியது? போர்ச் செலவைக் கம்பெனி ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் கணக்கில் எழுதியது. நவாப் அதைத் தஞ்சையின் தலையில் கட்டினார். 1762-இல் சென்னை அரசு நடுவில் நின்று முடித்த உடன்படிக்கைப்படி, பிரதாப சிம்மர் பழைய பாக்கியாக 22 லட்சம் ரூபாயும், ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் கப்பமும் நவாபுக்குத் தர ஒப்புக்கொண்டார். லாலி பீரங்கியை வைத்து வாங்க முடியாததை ஆங்கிலேயர்கள் காகிதத்தில் வாங்கத் தொடங்கிய ஆண்டு அது. அதே 1762-இல்தான் கூட் இங்கிலாந்து திரும்பினார். கம்பெனி அவருக்கு வைரம் பதித்த வாள் பரிசளித்தது. ஹாம்ப்ஷயரில் ராக்போர்னுக்கு அருகே வெஸ்ட் பார்க் பண்ணை அவருடையதாயிற்று.

பண்ணை எதற்கு? அழகுக்கும் அந்தஸ்துக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 1711-இல் இயற்றப்பட்ட ஆங்கிலச் சட்டப்படி, நகரத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போக விரும்புபவருக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 300 பவுன் வருமானம் இருக்க வேண்டும். மாவட்டத் தொகுதிக்கு 600 பவுன். கையில் ரொக்கம் எவ்வளவு இருந்தாலும் அது செல்லாது, நிலம் வேண்டும். 1838 வரை இந்த விதி நீடித்தது. இந்தியாவில் சம்பாதித்து வந்தவர்கள் ஊர் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பண்ணை தேடியதன் பொருள் இப்போது விளங்கும். கூட் 1768-இல் லெஸ்டர் தொகுதியின் உறுப்பினரானார். 1774 முதல் 1780 வரை பூல் தொகுதியின் உறுப்பினர். நடுவில் 1769-இல் சென்னைக்குப் படைத்தலைவராக வந்து, கவர்னரோடு ஒத்துப்போகாமல் ஊர் திரும்பினார். 1771-இல் சர் பட்டம் தரும் பாத் விருது. 1772-இல் கிளைவின் செயல்களை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன், பிளாசிப் போருக்கு முந்தைய படைக்கூட்டத்தில் உடனே தாக்க வேண்டும் என்று வாக்களித்ததைப் பற்றிச் சாட்சி சொன்னார். சிப்பாய், நிலக்கிழார், அரசியல்வாதி என்று மூன்று வேஷமாகத் தெரிவது உண்மையில் ஒரே ஏணியின் மூன்று படிகள். நடுப்படி இல்லாமல் மேல்படிக்குப் போக அந்நாட்டுச் சட்டம் விடாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும், வரவேண்டும். கூட்டின் பணம் முதன்மையாக வங்காளத்துப் பணம். 1757-இல் பிளாசிக்குப் பின் பங்கு பெற்ற அதிகாரிகளில் அவரும் ஒருவர். வெஸ்ட் பார்க்கைத் தஞ்சை நெல் வாங்கியது என்று காட்டும் கணக்கேடு எதுவும் இல்லையே? இல்லைதான். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் பையிலிருந்த நாணயம் எந்த ஊர் அச்சு என்று கேட்பது சிறிய கேள்வி. அந்தப் பதவியும் படையும் போரும் எதில் நின்றன என்பது பெரிய கேள்வி. கூட்டைப் பெயர்பெற்ற தளபதியாக்கியது கர்நாடகப் போர். அந்தப் போரின் கடனை அடைத்ததில் தஞ்சைக்குப் பெரும் பங்கு. இதை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுமானால் நேரடிக் கணக்கேடு உள்ள ஆளைப் பார்க்கலாம். 1773 செப்டம்பரில் ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் தந்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். அதற்கடுத்த ஆண்டுகளில் நவாப், தஞ்சையின் வயலில் நின்ற பயிரையே ஈடு காட்டிக் கடன் வாங்கினார். 1776-இல் பிகட் துளஜாவை மறுபடி அரியணையில் ஏற்றியபோது, பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் தஞ்சை வருவாயின்மீதும் தஞ்சைக் குடிகள்மீதும் தனக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன் வரவேண்டும் என்று வந்து நின்றார். சில நூறு பவுன் சம்பளம் வாங்கும் ஆள்! அந்தச் சச்சரவின் முடிவில் பிகட்டையே சொந்த சபையினர் கைதுசெய்தார்கள். காவலில் இருந்தபோதே 1777 மே மாதம் இறந்தார். பென்ஃபீல்டு 1780-இல் கிரிக்லேடு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பின்னாளில் ஹெர்ட்ஃபர்டுஷயரில் உட்ஹால் பார்க் பண்ணையை வாங்கினார். அந்த மாளிகையை அவருக்கு முன் கட்டியவர் யார்? சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டு. அவரும் நாடாளுமன்ற உறுப்பினர்தான். களத்துமேட்டிலிருந்து பண்ணைக்கும், பண்ணையிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் ஓடிய வாய்க்கால் ஒருவர் குணத்தால் வெட்டப்பட்டது அல்ல என்று காட்ட இவர்கள் போதும்.

இன்னொரு மறுப்பு நேர்மையைப் பற்றியது. கூட் பென்ஃபீல்டு அல்ல. சிப்பாய்கள் அவரைக் ‘கூட் பகதூர்’ என்று அன்போடு அழைத்தார்கள். அவர் கொள்ளையடித்தார் என்று யாரும் நிறுவவில்லை. இதை ஏற்கிறேன். ஆனால் நேர்மையான தளபதியின் ஊதியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது. 1779-இல் இந்தியா முழுமைக்கும் படைத்தலைவராகவும் கல்கத்தா சபை உறுப்பினராகவும் அவர் வந்தபோது ஆண்டு ஊதியம் 16,000 பவுன். அது போதாதென்று கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் களப்படி என்ற பெயரில் மேலும் 18,000 பவுன் அளவுக்கு ஏற்பாடு செய்து, அதை அவத் நவாபின் கணக்கில் எழுதினார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதேதான். பிற்காலத்தில் ஹேஸ்டிங்ஸ்மீது நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் சுமத்திய குற்றச்சாட்டுகளில் கூட்டுக்குக் கொடுத்த இந்தப் படியும் ஒன்று. பர்க்கும் அயர்லாந்துக்காரர். ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரியில் அவர் ஆற்றிய நீண்ட உரையில் பென்ஃபீல்டை உரித்தெடுத்தார். ஆக, லாலி, கூட், பர்க் என்ற மூன்று அயர்லாந்துக்காரர்களும் ஒரே கணக்கின் மூன்று இடங்களில் நிற்கிறார்கள்: வசூலிக்க வந்து தோற்றவர், வசூலானதில் உயர்ந்தவர், வசூலைக் கேள்வி கேட்டவர்.

1780 செப்டம்பரில் மைசூரின் ஹைதர் அலி பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை அழித்ததும், கூட் 15 லட்சம் ரூபாயோடு கப்பலில் சென்னைக்கு விரைந்தார். அடுத்த ஆண்டு முழுவதும் அவர் எழுதிய கடிதங்களின் பல்லவி ஒன்றே: மாடு இல்லை, அரிசி இல்லை. 1781 பிப்ரவரியில் கடலூர் சேர்ந்தவர், ஜூன் வரை அங்கே கட்டுண்டு கிடந்தார். கடல் வழியே வரும் அரிசியை நம்பி ஒரு படை. ஜூன் 18 அன்று சிதம்பரத்துக் கோயில்மீது திடீர்த் தாக்குதல் நடத்தினார். ஹைதரின் ஆட்கள் அந்தக் கோயிலைக் கோட்டையாக்கி உள்ளே தானியம் சேமித்திருந்தார்கள். தாக்குதல் தோற்றது. வாழ்நாளில் அவர் சந்தித்த ஒரு சில தோல்விகளில் ஒன்று, காவிரிப் படுகையின் வடக்கு வாசலில், நெல்லுக்காக நடந்தது. பதின்மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரோடு பல மடங்கு பெரிய மைசூர்ப் படையை முறியடித்தார். வென்ற பிறகும் துரத்திப் போக முடியவில்லை. காரணம் அதே மாடும் அரிசியும். ஆகஸ்டில் திருப்பாச்சூரைப் பிடித்ததும் முதலில் எண்ணியது அங்கிருந்த அரிசியைத்தான். வரலாற்று நூல்கள் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் என்று அவருடைய வெற்றிகளை வரிசைப்படுத்துகின்றன. அந்த வரிசையை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சோற்றுமூட்டையிலிருந்து அடுத்த சோற்றுமூட்டைக்கு நடந்த படையின் தடம் தெரியும்.

பரங்கிப்பேட்டை வெற்றி தஞ்சையைக் காப்பாற்றியது, ஆகவே படுகை கூட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. திருச்சிக் கோட்டை அதனால் தப்பியது என்பதை ஒப்புக்கொள்ளலாம். தஞ்சைக் கோட்டையும் கடைசிவரை விழவில்லை. கோட்டைக்கு வெளியே என்ன நடந்தது? 1781 முழுக்க ஹைதரின் குதிரைகள் கிராமங்களைத் துடைத்தெடுத்தன. குடிகள் ஓடினார்கள், பிள்ளைகளை மைசூருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், வயல் தரிசாயிற்று. படுகையில் தலைமுறைகளாக ‘ஹைதர் கலாபம்’ என்று பேசப்பட்டது இதுதான். பரங்கிப்பேட்டைக்கு ஏழு மாதம் கழித்து, 1782 பிப்ரவரியில், கொள்ளிடத்தங்கரையில் அன்னக்குடிக்கு அருகே கர்னல் பிரெய்த்வெயிட்டின் தஞ்சைப் படையை ஹைதரின் மகன் திப்பு சூழ்ந்து அழித்தார். தஞ்சைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, நெல் கொண்டுவர வெளியூர்க் குடிகள் மறுத்தார்கள். எடுத்த நெல்லுக்கும் ஓட்டிய மாட்டுக்கும் முன்பு யாரும் காசு கொடுத்ததில்லை. அரசனையும் கம்பெனியையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்தே நம்ப மறுத்தார்கள். கடைசியில் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் தன் சொந்த வாக்கைப் பிணையாகக் கொடுத்து நெல்லை வரவழைத்தார். களத்தில் மூன்று வெற்றி பெற்ற தளபதியின் பெயருக்குக் கிடைக்காத நம்பிக்கை ஒரு பாதிரியாரின் சொல்லுக்குக் கிடைத்தது. கூட்டுக்குப் படுகை கடன்பட்டதா என்ற கேள்விக்கு அந்தக் குடிகளே பதில் சொல்லிவிட்டார்கள்.

அயர்லாந்து நிலத்தையும் தஞ்சை நிலத்தையும் இப்படி ஒன்றாக வைத்துப் பேசுவது நம் காலத்துக் கண்ணாடி, கூட்டும் லாலியும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. நினைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் வேறுபாடே இங்கு பாடமாகிறது. அயர்லாந்தில் வென்றவர்கள் நிலத்தையே எடுத்துக்கொண்டு அங்கேயே குடியேறினார்கள். முன்னிருந்தவர்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். தஞ்சையில் அது நடக்கவில்லை. மிராசுதாரர்கள் அப்படியே இருந்தார்கள், பண்ணையாட்களும் அப்படியே. 1799 அக்டோபர் உடன்படிக்கையில் மன்னர் சரபோஜி ஆட்சியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோதுகூட மேல்வாரம் கைமாறியதே தவிர வயல் கைமாறவில்லை. படுகைக்கு வந்த வெள்ளைக்காரர்களில் எவரும் அங்கே கூட் குடும்பத்தைப் போல நிலக்கிழாராகி வேரூன்றாததற்கு, சேற்றின்மீதுள்ள வெறுப்பு காரணமல்ல. வேரூன்ற வேண்டிய தேவையே இல்லாத வசூல் முறை அங்கே தயாராக இருந்தது. நிலக்கிழாராகும் சடங்கை அவர்கள் ஊருக்குப் போய், ஹாம்ப்ஷயரிலும் ஹெர்ட்ஃபர்டுஷயரிலும் நடத்திக்கொண்டார்கள். லாலியின் தவறு இந்த முறையைப் பழைய பாணியில் பீரங்கியால் அணுகியது. கூட்டின் நல்லூழ், அதைக் காகிதத்தால் அணுகத் தெரிந்த கம்பெனிக்கு வாளாக இருந்தது.

1783 ஏப்ரல் இறுதியில், வங்காளத்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்த, நோயோடு சென்னையில் இறங்கிய கூட் ஓரிரு நாளில் இறந்தார். பிள்ளையில்லை. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ராக்போர்னில் புதைத்தார்கள். பண்ணை பின்னாளில் அதே பெயர் கொண்ட அண்ணன் மகனுக்குப் போனது. அவரும் தளபதி, அவரும் நாடாளுமன்ற உறுப்பினர், ஜமைக்காவின் கவர்னராகவும் இருந்தவர். லாலியின் தண்டனையைத் தவறு என்று வால்டேர் எழுதினார். 1778-இல் பிரெஞ்சு அரசு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கூட்டுக்கு வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் கம்பெனி தன் செலவில் நினைவுச்சின்னம் எழுப்பியது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய அந்தச் சிற்பத்தில் வெற்றித் திருமகள் ஒரு பனைமரத்தில் அவர் உருவத்தைத் தொங்கவிடுகிறாள். கீழே கைதியான இந்தியன் ஒருவன் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறான். 1760, 1761 ஆண்டுகளில் அவர் பிரெஞ்சுக்காரரை விரட்டிய கடற்கரை எது என்றும் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சை என்ற பெயர் அதில் இல்லை. ‘கோரமண்டல்’ என்று இருக்கிறது. சோழமண்டலம் என்ற சொல்லின் மரூஉ.